கோதண்டபாணியின் மூக்குச் சான்று

விருத்தாசலத்து ஓட்டல்காரர்கள் சாமிக்கு அடுத்தபடியாகப் பயந்தது சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோதண்டபாணியின் மூக்குக்கு. சமையற்கட்டுக்குள் நுழையவே மாட்டார். வாசலில் நின்று மூச்சை இழுப்பார். "பழைய எண்ண. கொட்டு" என்பார். பணம் நீட்டினால் அதையும் முகர்ந்துவிட்டு, "இதுவும் நாறுது" என்று திருப்பிக் கொடுப்பார்.

ஓய்வு பெற்ற பிறகும், மாசி மகத்துக்கு முளைக்கும் பலகாரக் கடைகளைப் பார்க்க வியாபாரிகளே அவரை அழைத்தார்கள். அவர் 'நல்லது' என்றால் ஊர் கண்ணை மூடிக்கொண்டு தின்னும்.

1973ஆம் வருஷம் அவர் எல்லாவற்றையும் நல்லது என்றார். காறிப்போன எண்ணெய், ஊசிப்போன சட்னி, எல்லாம் பேஷ். லஞ்சத்துக்கு மசியாத மூக்கு இனாமாக மசிந்ததில் வியாபாரிகளுக்குப் பூரிப்பு. மாலை போட்டார்கள். ராஜாங்கம் தன் போண்டாக் கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

கவலைப்பட்டது மனைவி அம்புஜவல்லி மட்டும்தான். அடுப்பில் பால் தீய்ந்தபோது இவர் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிறகு தெருப் பெயரும் மறந்தது. டாக்டர் சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார். குறை மூக்கில் இல்லை. அல்சைமர் நோய் மூளையில் முதலில் அரிக்கும் இடங்களில் வாசனையை இனம்காணும் பகுதியும் ஒன்று, நினைவுக்கு அது அடுத்த வீடு என்பதெல்லாம் அன்று அங்கே யாருக்குத் தெரியும்?

"அவருக்கு ஒடம்பு சரியில்லங்க, வுட்டுடுங்க" என்று ராஜாங்கத்திடம் கெஞ்சினார் அம்புஜவல்லி.

"சாருக்கு என்னம்மா? முன்னைக்கு இப்பத்தான் தங்கமா இருக்காரு."

மகத்தன்று பீங்கான் தொழிற்பேட்டை ஆட்களும் சேர, போண்டாவுக்குக் கூட்டம் முண்டியது. அம்புஜவல்லி ஒரு ஜாடியைக் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினார்.

"ஏங்க, இது எப்படி இருக்குது?"

நிதானமாக முகர்ந்தார். "அசல் பசு நெய்."

ஜாடியை அப்படியே கூட்டத்தின் பக்கம் திருப்பினார் அம்புஜவல்லி. மண்ணெண்ணெய். முன்னால் நின்றவர் வாயிலிருந்த போண்டாவைத் துப்பினார். சிரித்தவர்கள்கூடக் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள்.

"பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேம்மா!" என்று அலறினார் ராஜாங்கம்.

"மண்ணு இல்ல, மண்ணெண்ண. இனிமே ஒங்க போண்டாவ நீங்களே மோந்து பாருங்க."

கோதண்டபாணி ராஜாங்கத்தின் காதருகே குனிந்தார். "யாருய்யா இந்தம்மா? செக்கிங் பலமா இருக்குது. மெட்ராஸ் ஆபீஸா?"

அம்புஜவல்லி கணவரின் கையைப் பிடித்தார்.

"ஆமாங்க, மேலதிகாரி. கெளம்புங்க, வூட்டுக்குப் போவலாம்."

அதிகாரி சொன்னால் மறுக்கலாமா? சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.