காதில் பட்ட காயம்

நொரீன் பாவ்லிக் இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊர் அவசர உதவி அறையில் தொலைபேசி எடுத்தவள். எனக்கும் அதே அறைதான், பக்கத்து நாற்காலி. போதாக்குறைக்குத் தொழிற்சங்கப் பொறுப்பு வேறு என் தலையில். வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் நிவாரண வாரியத்தின் கடிதத்தை அவள் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டினாள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலையால் மனம் உடைந்துபோனதற்கு அவள் கேட்ட நிவாரணத்தை மறுத்திருந்தார்கள். அவள் எதையும் கண்ணால் பார்க்கவில்லையாம், காதால் கேட்டது மட்டும்தானாம். அதோடு, அவளை உடைத்துப்போட்ட அந்த ஒரு அழைப்பு முடிந்த நாற்பதாவது விநாடியே அடுத்த அழைப்பை எடுத்துவிட்டாளாம். அதிர்ச்சி அடைந்தவள் அப்படிச் செய்வாளா என்று ஒரு கேள்வி.

செய்வாள். எங்கள் அறையில் எல்லோருமே செய்வோம். ஒருத்தி எழுந்து போனால் அவள் பங்கு அழைப்பும் பக்கத்து ஆள் தலையில் விழும். அதனால் எவ்வளவு மோசமான அழைப்பானாலும் முடிந்த கையோடு பொத்தானை அழுத்தி அடுத்ததை வாங்கிக்கொள்வோம். அதில் ஒரு வீறாப்பு வேறு. அன்றைக்கு நொரீனுக்கு அடுத்து வந்தவன், பக்கத்து வீட்டுக்காரன் பனியை வழித்துத் தன் வாசலில் தள்ளிவிட்டான் என்று புகார் சொன்னான். அந்த மகராசனிடமும் மரியாதையாகத்தான் பேசினாள். பணிநேரம் முடிந்து வீட்டுக்குப் போனவள், அதற்குப் பிறகு எந்தத் தொலைபேசியையும் தொடவில்லை. வான்கூவரிலிருந்து சொந்த மகள் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாள். எங்கள் மேலாளரோ, இருபத்திரண்டு வருடம் கேட்ட காதுக்கு இப்போது என்ன வந்தது என்று நக்கலடித்தார்.

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு அவளே சம்மதித்துச் சொன்னாள்:

"காசு வந்தா வருது, வராட்டி போகுதுப்பா. நான் நடிக்கிறேன்னு எழுதியிருக்காங்களே, அதான் தாங்கல."

மேல்முறையீட்டு விசாரணை அன்று, அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுத்து வடிவம் கோப்பில் இருக்கிறதே, அது போதாதா என்றார் வாரியத்தின் வழக்கறிஞர். விசாரணை அதிகாரி ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். போடுங்கள் என்றார். வெளியே இருக்கிறாயா என்று நொரீனிடம் கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. சமையலறையில் அப்பா விழுந்து கிடக்கிறார். வெளியே பனிப்புயல், ஆம்புலன்ஸ் நகர முடியவில்லை. நெஞ்சில் கை வைத்து எப்படி அழுத்த வேண்டும் என்று நொரீன் சொல்லித் தருகிறாள், கூடவே எண்ணுகிறாள். குழந்தை மூச்சு வாங்க வாங்க எண்ணுகிறது. "போயிடாதீங்க" என்கிறது. "போகமாட்டேன் கண்ணு, நீ அழுத்து" என்கிறாள் நொரீன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா கை சில்லுன்னு ஆயிடுச்சு" என்று அந்தக் குரல் சொன்னது.

அதிகாரி சட்டென்று கையை நீட்டி ஒலிப்பதிவை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். போதும் என்றார். வழக்கறிஞர் குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும்.

நொரீன்தான் பேசினாள், நிதானமாக.

"எவ்வளவு நேரம் கேட்டீங்க ஐயா?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

"அது பத்தொன்பது நிமிஷம் ஓடுச்சு. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ற வரைக்கும் நாங்களா லைனை விடக் கூடாது."

அதிகாரி, அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க ஐயா."

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. இது வேலையில் பட்ட காயமே, வாரியம் நிவாரணம் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். காரை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். எவ்வளவு, எப்போது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"நம்பிட்டாங்களா?" என்றாள்.

நம்பிவிட்டார்கள் என்றேன். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.