நாலு பேருக்கான பட்டன்

கண்ணை இறுக மூடிக்கொண்டு உங்கள் கைபேசியில் ஓர் அட்டை மாத்திரை வாங்கிவிட முடியுமா உங்களால்?

ஒரு வாத்தியாருக்கு அது முடிந்தாக வேண்டியிருந்தது. கணக்கு வாத்தியார், நடுவயதில் பார்வை போனவர். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதென்று கைபேசி வாய்விட்டுச் சொல்லும். அதை வைத்தே வங்கி, செய்தி எல்லாம் பார்த்துக்கொள்வார். மருந்து வாங்கும் செயலியில் மட்டும் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது வாங்க, எது ரத்து செய்ய என்று எந்தப் பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை.

அந்தச் செயலியைச் செய்த அலுவலகத்தில்தான் அவர் மனைவி பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். கண்ணுக்கு எந்தப் பிழையும் தப்பாது என்பதால் அங்கே அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி.

"உங்க ஆபீஸ் சரக்குதானே? பேர் வைக்கச் சொல்லேன். மாத்திரைக்காவது உன் கைய எதிர்பார்க்காம இருக்கேன்," என்றார் வாத்தியார்.

அலுவலகத்தில் செய்ய வேண்டிய வேலைகளை வரிசைப்படுத்த ஒரு முறை உண்டு. பயன் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பயன் கூடி, உழைப்பு குறைந்தது மேலே போகும். முறையில் குற்றமில்லை. பயனை எதை வைத்து அளந்தார்கள் என்பதில்தான் அநியாயம்.

"குரல் கேட்டு நம்ம செயலிய யூஸ் பண்றவங்க மொத்தமே நாலு பேர்தான் அக்கா," என்றார் குழுத் தலைவர், கூட்டத்தில் பூதக்கண்ணாடி இதைக் கேட்டதும். "உழைப்போ மலையளவு. அத்தனை பக்கமும் மாத்தணும்."

"வாங்குற பக்கத்த மட்டும் மாத்துங்க. கதவப் பூட்டி வச்சிட்டு, உள்ள நாலு பேர்தான் இருக்காங்கன்னு எண்ணினா எப்படி தம்பி?" என்றார் பூதக்கண்ணாடி.

"இன்னைக்கு பூதக்கண்ணாடி என் பக்கமே திரும்புதே."

எல்லோரும் சிரித்தார்கள். பணம் கட்டியதும் திரையில் வண்ணக் காகிதம் தூவும் வேலை முதலிடம் பிடித்தது.

ஒவ்வொரு கூட்டத்திலும் பூதக்கண்ணாடி கேட்டார். ஒவ்வொரு முறையும் அது அடியிலேயே கிடந்தது. "பிள்ளைக்குப் பேர் வச்சாச்சா?" என்று வாத்தியார் மாலையில் சீண்டுவார். பொறுக்காமல் ஒருநாள் தானே முயன்றார். வாங்குவதாக நினைத்து ரத்து செய்துவிட்டார். வருமென்று காத்திருந்த ரத்த அழுத்த மாத்திரை வரவில்லை. குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். காயம் ஆறியது. கைபேசியை அதன்பின் அவர் தொடவில்லை. பேர் வைத்தாயிற்றா என்றும் கேட்கவில்லை.

பிறகு ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனம் வந்தது. பார்வையற்றவர்களும் பயன்படுத்த முடிந்தால்தான் ஒப்பந்தம் என்றது. அடியில் கிடந்த வேலை அன்றே பட்டியலின் தலைக்கு ஏறியது. வாங்கும் பக்கம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. மலையளவு உழைப்பு அவ்வளவுதான்.

பூதக்கண்ணாடி வீட்டுக்கு ஓடினார். "இந்தாங்க, இப்ப பேர் சொல்லுது."

"மாத்திரை வாங்கு," என்றது கைபேசி, தெளிவாக.

வாத்தியார் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீயே போட்டுடும்மா. எனக்கெதுக்கு அந்த வம்பு?"

ஒரு மனிதர் தன் கையை நம்பாமல் போனதற்கு அந்தப் பட்டியலில் மதிப்பெண் கிடையாது. உங்கள் அடுத்த கூட்டத்தில் யாராவது "நாலு பேர்தானே" என்றால், வாசலோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வேலையை அடியில் தள்ள விடாதீர்கள்.