முதல்ல வர்ற மூஞ்சி

ஸ்கூல்ல கடைசி ராங்க் வாங்கவே முக்குனவன் நான். ஆனா நெட்ல 'தமிழ் பிங்கோ'ன்னு தேடுனா, என் பக்கம்தான் முதல்ல வரும். பிங்கோன்னா காசு கட்டி ஆடுற நம்பர் சூதாட்டம்; என் லிங்க்ல சேர்ந்து யாரு தோத்தாலும் எனக்கு கமிஷன். 'பிங்கோல ஜெயிச்சு எடுத்த பட்டு'ன்னு எங்க கல்யாணப் போட்டோல இருந்து பொண்டாட்டி படத்த மட்டும் வெட்டியெடுத்து, அவளுக்கே தெரியாம போட்டிருந்தேன்.

ஒருநாள் பக்கத்து வூட்டு தறிக்கார அக்கா என் பொண்டாட்டிகிட்ட போனை நீட்டிக்கினு அழுதுக்கினே வந்துச்சு.

"நீ ஜெயிச்சன்னு நம்பித்தானேமா ஆடுனேன்? முதலாளி குடுத்த ஜரிகைய வித்துத் தோத்துட்டேன். பாதிப் புடவை தறியில நிக்குதும்மா."

பொண்டாட்டி போனைப் பாத்தா. என்னைப் பாத்தா. "நான் எங்கக்கா ஆடுனேன்? இந்தாளக் கேளு"ன்னா.

அன்னிக்கே பக்கத்த அழிச்சேன். அதுக்குள்ள எவனோ அந்தப் போட்டோவோட காப்பியடிச்சிட்டான். இப்பவும் தேடுனா முதல்ல அவதான் சிரிக்கிறா. அவ சிரிக்கிறத நான் அங்க மட்டும்தான் பாக்குறேன்.