எதிர்ப்பக்கம் சுற்றிய மோட்டார்

மும்பை தாராவியில் வேல்ராஜின் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது இசக்கிசெல்வியின் முதுகுதான். யார் வந்தாலும் திரும்பமாட்டாள். செருப்புச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுகொள்வாள். பாதியில் படிப்பை விட்டவள், பொம்மைக்கு ஒயர் பற்றவைக்கும் வேலையில் தொடங்கி, இப்போது மோட்டார் அளக்கிறாள்.

அங்கே செய்வது நடக்க முடியாதவர்களுக்கான மோட்டார் நாற்காலி. விலை மலிய வேண்டுமே! அதனால் பழைய கார்களின் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார்களைக் காயலான் கடையில் பொறுக்கி வருவார்கள். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. செல்வி ஒவ்வொன்றையும் வைஸ் இடுக்கியில் இறுக்கி, சுற்றவிடாமல் கொஞ்சம் மின்சாரம் கொடுப்பாள். உள்ளே கம்பி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று தெரியும். பிறகு ஓடவிட்டு, வேகத்தையும் அதற்கு இழுக்கும் மின்சாரத்தையும் பார்ப்பாள். அந்தக் கணக்கை, பட்டறையில் புரோகிராம் எழுதும் மகேஷ்குமார், மோட்டார்களை ஓட்டும் கன்ட்ரோலருக்குள் ஏற்றுவான். இரண்டு சக்கரமும் சமமாக ஓடுவது அந்தக் கணக்கை நம்பித்தான்.

முதல் நாற்காலி பேராச்சிக்கு. விபத்தில் கால் போனதிலிருந்து வீட்டிலேயே கிடந்தவள், யாரும் தள்ளாமல் தானாக மெயின் ரோட்டுக்குப் போய் மறுபடி இடியாப்பம் விற்க வேண்டும் என்றிருந்தாள். நடுவில் இருப்பதோ ஒடுக்கமான சந்து; இடப்பக்கம் திறந்த சாக்கடை.

பட்டறை வாசல் சந்தில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். நாற்காலி நேரே போகாமல் இடப்பக்கம் இழுத்து ஓடியது. செல்வி பாய்ந்து பிடித்தாள்.

"ஏட்டி, என்னைய சாக்கடையில எறக்கத்தான் இம்புட்டு நாளா அளந்தியா?"

"நம்பர் எல்லாம் பராபர்தான், சரியாத்தான் இருக்கு அக்கா. எங்க லோச்சா, எங்க தப்புன்னு தெரியல" என்றான் மகேஷ்.

இடது மோட்டாரைச் சந்தேகப்பட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினார்கள். அப்போதும் இடப்பக்கமே இழுத்தது.

"சந்துதான் சாய்வா கெடக்கு" என்றார் வேல்ராஜ்.

செல்வி, சக்கரங்கள் தரையில் படாதபடி நாற்காலியைத் தூக்கி வைத்து, குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மோட்டார்கள் எதிரெதிரே பார்த்திருந்தன. நாற்காலி முன்னே போக, ஒன்று ஒரு பக்கம் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். காரில் வைப்பர் மோட்டாருக்கு அந்த வேலையே இல்லை. அது ஒரே பக்கம் சுற்றவென்று செய்தது. எதிர்ப்பக்கம் திருப்பினால் மந்தமாகிவிடும். இடப்பக்கம் எதைப் பூட்டினாலும் அது எதிர்ப்பக்கம்தான் சுற்றும்.

அவளோ பேட்டரியின் சிவப்பு ஒயரை மோட்டாரின் சிவப்பிலேயே கொடுத்து, மாற்றிக் கொடுத்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அளந்திருந்தாள்.

"அண்ணாச்சி, தப்பா அளந்துட்டேன். ரெண்டு பக்கமும் அளக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான்."

அளந்தாள். ஒவ்வொரு மோட்டாருக்கும் இரட்டைக் கணக்கு. சுற்றும் பக்கத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுமாறு மகேஷ் கன்ட்ரோலரை மாற்றி எழுதினான்.

மறுபடி பேராச்சி ஏறினாள். நாற்காலி நூல் பிடித்தாற்போல் போனது. கைகளை நீட்டியபடியே செல்வி பின்னால் நடந்தாள்.

"பின்னால எதுக்குட்டி வாரே? போயி சோலியப் பாரு!"

செல்வி நின்றுவிட்டாள். பேராச்சி சாக்கடையோரத்தைக் கடந்து, ரோட்டு வெளிச்சத்தில் போய்த் திரும்பினாள். ஒரு டெம்போக்காரன் பிரேக் போட்டு எட்டிப் பார்த்து, "கிஸ்னே பனாயா?" என்று, செய்தது யாரெனக் கத்திக் கேட்டான்.

வேல்ராஜ் வாயைத் திறப்பதற்குள், யாரிடமும் சத்தமாகப் பேசியறியாத செல்வி சந்துக்குள்ளிருந்து கத்தினாள்:

"நாங்கதான்! மோட்டார் அளந்தது நானு!"