குண்டு வார்க்கும் அச்சு

1. என் சின்னக் கைத்துப்பாக்கிக்குக் கடையில் கிடைக்கும் குண்டுகள் லேசானவை, இலக்கில் சிதறுகின்றன. கனமானதை நானே ஈயத்தில் வார்க்க வேண்டும்.
2. அதற்கான அச்சு லண்டனில் ஒருவரிடம் கிடைக்கிறது. சூரிச்சிலிருந்து வந்து வாங்குகிறேன்.
3. என்னிடம் கைப்பை மட்டுமே. அதில் அச்சை வைத்து ஏறக்கூடாது என்று விமான நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள்.
4. அதை சூரிச்சில் என் வீட்டுக்கு அனுப்ப, லண்டன் டூட்டிங்கில் ஓர் இலங்கைத் தமிழர் பார்சல் கடைக்கு வருகிறேன். என்ன சாமான் என்று கடைக்காரர் கேட்கிறார். கோயம்புத்தூர்த் தமிழில், "குண்டு வார்க்கிற அச்சுங்க" என்கிறேன்.

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். வரிசையில் இருந்த ஒரு அம்மா கதவருகே போய் நிற்கிறார்.

"என்ர கடைக்குள்ள குண்டோ?"

"வெடிகுண்டு இல்லைங்க அண்ணா. துப்பாக்கில போடுறது."

"அது சன்னம், பிள்ளை. குண்டு எண்டால் மேலயிருந்து போடுறது. நாங்கள் ரெண்டையும் கண்டனாங்கள். உங்கட இந்தியாவில ரெண்டுக்கும் ஒரே பேரோ?"

பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். இரண்டு பித்தளைக் கட்டிகள், நடுவே மொச்சைக்கொட்டை அளவில் பள்ளம். ஈயமும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கிறார்.

"முறுக்குப் பிழியிற உரல் எண்டு எழுதுறன்."

"பொய் வேண்டாங்க. கஸ்டம்ஸ்ல திறந்தா நான்தான் மாட்டுவேன்."

"உண்மையை எழுதினால் நான் எடுக்கமாட்டன்."

இதையே மூன்று முறை பேசிவிட்டோம். கதவருகே நிற்கும் அம்மா, "இடியப்ப உரல் எண்டு எழுதுங்கோவன்" என்கிறார்.

விமானம் மாலை ஆறு மணிக்கு. அச்சு தராசின் மேல் இருக்கிறது. படிவத்தில் என் பெயரும் முகவரியும் மட்டும் நிரம்பியிருக்கின்றன.