ஒரு விரற்கடை

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றின் டெஸ்பாட்ச் அறையில் லேபிள் அடித்துக்கொண்டிருக்கும் ஷாஸியாவைப் பார்த்தால், எந்தெந்த நாட்டிலோ இருக்கும் நானூறு ஐந்நூறு பேருடைய கம்ப்யூட்டர் திரை அவள் சொன்னபடி நடக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். அவளும் யாரையும் நம்பவைக்க மெனக்கெட்டதில்லை. சேத்தியாத்தோப்பில் மளிகைக்கடை வைத்திருந்த பரக்கத்துல்லாவின் மகள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை நடத்தும் ரயீஸைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். வயது முப்பத்தாறு. சரியான பிடிவாதக்காரி. கடைசியில் சொன்னதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்தபோது பட்டறையில் கொடுத்த கம்ப்யூட்டர் அரதப்பழசு. லேபிளுக்கு ஒன்று, லாரிப் பதிவுக்கு ஒன்று, ஆர்டர் கடிதத்துக்கு ஒன்று என்று மூன்று விண்டோ திறந்தால் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு நிற்கும். வேண்டியதைத் தேடி எடுப்பதற்குள் லாரி டிரைவர் வாசலில் வந்து முறைப்பான். இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுப் பார்த்தாள். எந்த விண்டோ எங்கே நிற்பது, எத்தனை அகலம், எது முன்னால் வருவது என்பதையெல்லாம் தீர்மானிக்க அதில் விண்டோ மேனேஜர் என்று தனியாக ஒரு நிரல் உண்டு, பிடிக்காவிட்டால் நாமே ஒன்று எழுதிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. இருந்தவை பிடிக்கவில்லை. எழுதினாள்.

டெஸ்பாட்ச் அறையில் உட்கார்ந்தால் எதிரே சூளை தெரியும். அங்கே வீராயி, பளபளப்புப் பூச்சு பூசிய பியூஸ் கேரியர்களைச் சூளை வண்டியில் அடுக்குவாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். ஒட்டி வைத்தால் சூட்டில் பூச்சு உருகி இரண்டும் ஒன்றாகிவிடும், அப்புறம் உடைத்துக் கொட்ட வேண்டியதுதான். அந்த அடுக்கில் ஷாஸியாவுக்கு மனசு போய்விட்டது. தன் விரலைத் திரைமேல் வைத்து அளந்தாள். இரண்டு விண்டோவுக்கு நடுவே அத்தனை இடம் கட்டாயம் என்று எழுதினாள். எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளியும் கூடவே பெரிதாகும்படி வைத்தாள். விரற்கடை என்று பெயர் சூட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டாள்.

அது நடந்து ஒன்பது வருடம். தினமும் விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் விரற்கடைக்கு. பிரேசிலில் ஒருவருக்கு இரண்டாவது திரை இருண்டு போகும். கொரியாவில் ஒருவருக்கு எழுத்து தாவும். எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவாள், பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்துவாள். ஒரே ஒரு கோரிக்கைக்கு மட்டும் பொறுமை கிடையாது. இடைவெளியைக் குறைத்துக்கொள்ள ஒரு வழி வையுங்கள் என்று யாராவது கேட்டால், சூளையில் ஒட்டி அடுக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதிக் கோரிக்கையை மூடிவிடுவாள். அந்த வரியைப் படித்தவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இத்தனை வருடத்தில் நிலையாகக் கூட நின்றவர் ஒருவர்தான். ஓத்மார், ஆஸ்திரியாக்காரர், வந்து ஐந்து வருடம் ஆகிறது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஐம்பது வயதிலேயே வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டவர். ஜங்ஷன் ஊரில் குடியிருக்கிறவளுக்கு அதனாலேயே அவரைப் பிடித்துப்போயிற்று. அவள் எழுதி வைக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரி வரியாகப் படித்து, எங்கே ஓட்டை என்று சொல்வார். லினக்ஸ் திரைக்குப் பின்னால் ஓடும் பழைய ஏற்பாடு விடைபெற்றுப் புதியது வந்துகொண்டிருந்த நேரம் அது. விரற்கடை அதற்கு மாறாவிட்டால் புதுக் கம்ப்யூட்டர்களில் ஓடாது, செத்துப்போகும். மாற்றும் வேலையில் பாதிக்குமேல் ஓத்மார் தலையில்தான்.

அவரும் அந்தக் கோரிக்கையோடு வந்தார். இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை, தானே பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினார். வேண்டியவர்கள் மட்டும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. ஷாஸியா அதையும் மூடினாள். மறுநாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கோபம் கொஞ்சமும் இல்லாத கடிதம்.

“மூன்று முறை கேட்டேன். எதற்கு என்று நீங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை. இந்த மாதக் கடைசியோடு விலகிக்கொள்கிறேன். அதுவரை கையில் உள்ளதை ஒழுங்காக முடித்துத் தருகிறேன்.”

மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. போனால் போகட்டும் என்று வாய் சொன்னதே ஒழிய, தோசையைக் கருகவிட்டாள், ஸ்கூட்டர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். ரயீஸ் விசாரித்தான். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. முழுக்கக் கேட்டுக்கொண்டு, “கடைக்கு வர்றவங்க பெரிய சைஸு கேட்டா, கால நீட்டுங்கன்னு சொல்லிப் பாப்பேன். நீ அந்த மனுசன் கால பாத்தியா?” என்றான். செருப்புக்கடைக்காரர் புத்தி செருப்போடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

பட்டறையின் பின்பக்கம் இன்னொரு சூளை உண்டு, அந்த வாரம் அது பழுது. அங்கே வேகவேண்டிய சரக்கும் முன்பக்கத்துச் சூளைக்கே வந்தது. ஷாஸியா தலையைத் தூக்கிப் பார்த்தபோது, வீராயி ஒன்றின்மேல் ஒன்றாக, இடுக்குக்கூட விடாமல் நெருக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷாஸியா பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

“என்னக்கா, ஒட்டி அடுக்குறீங்க? வெந்தா ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்காதா?”

“இது மொத வேக்காடும்மா. பூச்சே பூசல. எது உருகி எதப் புடிக்கும்?”

“அப்ப விரல் வெச்சுப் பாக்கறது?”

“அது பூச்சு பூசினதுக்கு. சாமானப் பாத்துதான் அடுக்கணும். எல்லாத்துக்கும் விரல வெச்சா பாதிச் சூளை சும்மா எரியும்.” வீராயி கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். “ஒம்பது வருசமா எதிர்லயே குந்தியிருக்கீங்க. இது தெரியாதா?”

தெரியாது. பின்பக்கத்துச் சூளையை அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பாதி வேலையைப் பார்த்துவிட்டு முழுச் சட்டம் போட்டு, அதை உலகத்துக்கே அனுப்பியிருக்கிறாள். அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தபோது ரயீஸின் கேள்விதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓத்மாருக்கு ஒரு வரி எழுதினாள். உங்கள் திரையை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

படம் மறுநாள் காலையில் வந்தது. திரையில் இரண்டே விண்டோ. ஒவ்வொரு எழுத்தும் ஒரு ரூபாய்க் காசு அளவு. ஒரு வரியில் மூன்று வார்த்தைக்குமேல் இல்லை. எழுத்தோடு சேர்ந்து இடைவெளியும் பெருத்து, சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் கறுப்பு. திரையில் பாதியை ஷாஸியாவின் விரல் அடைத்துக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தார்: கண் மங்கிவிட்டதால்தான் சிக்னல் வேலையை விட்டேன், இதைவிடச் சின்ன எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது.

ஷாஸியாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து வருடமாக இந்த மனிதர் இந்தப் பாதித் திரையில் உட்கார்ந்துதான் அவளுடைய வரிகளைப் படித்திருக்கிறார், மூன்று மூன்று வார்த்தையாக. அவர் வேலையை விட்டது தெரியும். ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

மூடிய கோரிக்கையைத் திறந்து அவருடைய பன்னிரண்டு வரியை அப்படியே சேர்த்தாள். எல்லாரும் படிக்கிற இடத்தில், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். முதல் வேக்காட்டையும் இரண்டாம் வேக்காட்டையும் விளக்கி, நான் ஒன்றைத்தான் பார்த்திருந்தேன் என்றும் எழுதினாள். எழுத்து பெருத்தால் இடைவெளியும் பெருக்கிற வேலை அவள் செய்தது, அதை அவளே கழற்ற வேண்டும். எழுதி, அழித்து, மறுபடி எழுத ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று. முடித்து, சரிபார்க்க வேண்டும் என்று குறித்து வைத்தாள். யார் என்று பெயர் போடவில்லை. போகிறவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூச்சமாக இருந்தது.

மாதக் கடைசியும் வந்தது. ஓத்மாரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவள் தன் திரையில் மட்டும் விரற்கடை இடைவெளியை எடுக்காமல் வைத்திருந்தாள். அன்றைக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் சுபுஹு முடித்து வந்து திறந்தாள். அவள் எழுதிய மாற்றத்தின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. ஏழாவது வரி தவறு, மூன்றாவது விண்டோ திறந்தால் வலது ஓரம் வெட்டுப்படும், திருத்தி அனுப்புங்கள், மறுபடி பார்க்கிறேன் என்று ஓத்மார் எழுதியிருந்தார்.

ஷாஸியா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தேதி ஒன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது விண்டோவைத் திறந்து பார்த்தாள். வலது ஓரம் வெட்டுப்படத்தான் செய்தது. உள்ளேயிருந்து ரயீஸ் டீ கேட்டான். நீங்களே போட்டுக்கோங்க, எனக்கும் சேத்து என்று சொல்லிவிட்டு ஏழாவது வரிக்குப் போனாள்.