மீந்துபோன ஒன்றரை கேன் கியர் ஆயில்

டிரைவர் தொழில்ல ஸ்டியரிங் புடிக்கறது கால் பங்கு வேலை தான். மீதி முக்கால் பங்கு, கேக்கற சத்தம் நம்ம வண்டியில இருந்து வருதா, பக்கத்து வண்டியில இருந்து வருதான்னு காதைத் தீட்டிகினு உக்காந்திருக்கறது. சொந்த வண்டி வெச்சி ஓட்டறவங்களுக்கு நான் சொல்லாமலே புரியும். மத்தவங்க குடுத்து வெச்சவங்க.

திருத்தணியில பழைய சின்ன கார் ஒண்ணு வெச்சி ஓட்டிகினு இருந்தேன். அதுக்கு முன்னாடி ஒம்போது வருஷம் கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட்டுக்குப் போனவன். ஒரு வாரம் பகல்ல தூக்கம், ஒரு வாரம் ராத்திரியில தூக்கம், எப்போ பசிக்குது எப்போ தூக்கம் வருதுன்னு ஒடம்புக்கே மறந்து போன பொழப்பு. அதுல இருந்து என்னை வெளிய இழுத்தது மடப்பள்ளி ஐயர். மலைக்கோயில்ல சாமிக்கு சமைக்கற குடும்பம். முட்டி வலி வந்ததுல இருந்து தினமும் விடியக்காலம் அவரை மேல கொண்டு போய் விடறது என் நிலையான சவாரி. திருப்பதி சவாரி வந்தா வரும், வராட்டி இல்ல. ஐயர் சவாரி தான் சோறு. கார் படுத்துச்சுன்னா நான் திரும்ப கம்பெனி பஸ் தான். இதை மனசுல வெச்சிகினு மேல படிங்க.

பல்லைக் கடிச்சது

முதல் சத்தம் ரெண்டாவது கியர்ல வந்துச்சு. மலை ரோட்டுல வளைவுக்கு வளைவு ரெண்டாவது போட்டாவணும். போடும்போதெல்லாம் கர்ருனு ஒரு இழுவை. நான் கேக்காத மாதிரி இருமினேன். ரேடியோ வெச்சேன். மூணாவது நாள் இருமலும் தீர்ந்துபோச்சு, சத்தம் தீரல.

ஐயர் பின்சீட்டுல தூக்குச் சட்டியை மடியில வெச்சிகினு, கண்ணை மூடினபடியே சொன்னாரு: "உன் வண்டி பல்லைக் கடிக்கறதுப்பா. கொழந்தை பல்லைக் கடிச்சா வயித்துல பூச்சின்னு சொல்லுவா. உள்ள என்னன்னு பாரு."

சோப்பு

மெக்கானிக் பாஷா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, கியர் ஆயில் செத்துப்போச்சு, மாத்திட்டா கொஞ்ச நாள் தாங்கும்னாரு. ஆனா பட்டறையில மூணு வண்டி பிரிச்சிப் போட்டு கெடக்குது, விட்டுட்டுப் போனா ரெண்டு நாள் ஆவும்னாரு. ரெண்டு நாள்னா ரெண்டு விடியக்காலம். மூணு வருஷத்துல ஒரு நாள் கூட நான் ஐயருக்கு லேட்டா போனதில்ல. அந்தத் திமிரு தான் என்னைக் கெடுத்துச்சு. ஒரு போல்ட்டைக் கழட்டி பழசை விடணும், இன்னொரு போல்ட்டைக் கழட்டி புதுசை ஊத்தணும், இதுக்கு இன்னாத்துக்கு பட்டறைன்னு நெனச்சிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஸ்பேர் பார்ட்ஸ் கடை. என் வண்டிக்கு ரெண்டு லிட்டருக்கு மேல புடிக்கும், ஒரு லிட்டர் கேனா மூணு எடுத்துக்கோங்கன்னாரு கடைக்காரரு. எடுத்துகினேன். எந்த பட்டறைன்னு கேட்டாரு. வீட்டுலயே மாத்தப்போறேன்னு கொஞ்சம் பெருமையாவே சொன்னேன்.

அவரு மேலயும் கீழயும் பாத்தாரு. "அப்போ கைகழுவற சோப்பும் ஒண்ணு எடுத்துக்கோங்க. நாளைக்கு அதுக்குன்னு தனியா வரணும்."

கீழ் போல்ட்

எங்க தெரு மலையடிவாரத்துல சரிவா இறங்கும். தெருவுல எல்லாரும் வண்டியை மூஞ்சி கீழ பாத்து தான் நிறுத்துவோம். காலையில ஸ்டார்ட் ஆகலன்னா யாரையும் தள்ளக் கூப்பிட வேணாம், பிரேக்கை விட்டா தானே உருண்டு ஸ்டார்ட் ஆயிடும். பொறந்ததுல இருந்து பாத்த பழக்கம். அன்னிக்கும் அப்படியே நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சி, முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, கட்டை குடுத்தேன். வண்டி மட்டமா, அழகா நின்னுச்சு. ஒரு நிமிஷம் தள்ளி நின்னு ரசிச்சேன்.

அடியில படுத்து கீழ் போல்ட்டைக் கழட்டினேன். அழுகின முட்டை நாத்தத்தோட கறுப்பா கொட்டுச்சு. பாதி கீழ வெச்ச பேசின்ல, மீதி என் காதுல. போல்ட் முனையில இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிகினு இருந்துச்சு. துடைச்சி மாட்டிட்டு, மேல் போல்ட்டுக்கு ஸ்பானர் போட்டா, அசையல. தொங்கினேன், காலால ஒதைச்சேன், மண்ணெண்ணெய் ஊத்தினேன், முருகாவும் சொன்னேன். கார் கம்பெனியில வண்டியை கட்டும்போது யாரோ ஒரு பாவி இறுக்கினது, அன்னியில இருந்து அசைஞ்சதே இல்ல. முதல்ல மேல் போல்ட் கழலுதான்னு பாத்துட்டு தான் கீழ் போல்ட்டைத் தொடணும். இது எனக்கு இப்போ தெரியும். அப்போ கியர் பாக்ஸ்ல சொட்டு ஆயில் இல்ல, பட்டறைக்கு ஓட்டிகினு போகவும் முடியாது. விடிஞ்சா ஐயர்.

என் வீட்டுக்காரி பத்மா, நகரி பக்கம் நெசவுக் குடும்பத்துப் பொண்ணு, எதையும் நிதானமா தான் கேப்பா. பேசினைப் பாத்தா, என் காதைப் பாத்தா. "உள்ள இருந்ததை வெளிய எடுத்துட்டீங்க. வெளிய இருக்கறதை உள்ள எப்படிங்க ஊத்துவீங்க?"

நாலு சக்கரம்

அக்கா வீட்டுக்காரர், எங்க பாவா, நாலு வீடு தள்ளி பவர்லூம் ஓட்டறாரு. தறியோட பைப் ஒண்ணைக் கொண்டாந்து ஸ்பானர் காம்புல சொருகி, ஒரு அழுத்து அழுத்தினாரு. மேல் போல்ட் படார்னு விட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்த நேரத்துல அவரு கெணத்துல குதின்னா குதிச்சிருப்பேன்.

நான் புனலையும் டியூபையும் எடுத்தேன். பாவா கையைப் புடிச்சாரு. ஜாக்கி மேல நிக்கும்போது ஊத்தக்கூடாது, அளவு பொய் சொல்லும், நாலு சக்கரமும் தரையில இருக்கணும், எங்க கேட்டாலும் அதான் சொல்லுவாங்கன்னாரு. ஆங், நானும் கேள்விப்பட்டிருக்கேன்னேன். ஜாக்கியை எறக்கினேன். வண்டி பழையபடி மூஞ்சியைத் தெருவுக்குக் கீழ சாய்ச்சிகினு நின்னுச்சு. பானெட் வழியா மேல் போல்ட் ஓட்டையில டியூபை விட்டு ஊத்தினோம். ஓட்டை வரைக்கும் நிறைஞ்சி வழிஞ்சா அதான் அளவு. ரெண்டாவது கேன் பாதியிலயே, கியர் பாக்ஸோட முன்பக்கம் இருந்த அந்த ஓட்டையில இருந்து வழிஞ்சிச்சு. வழிஞ்சிடுச்சே, அப்புறம் இன்னா. மேல் போல்ட்டைப் போட்டு இறுக்கினேன்.

மூணு வாங்கினது ஒன்றரை மீந்து கீதேன்னு பத்மா கேட்டா. கடைக்காரன் விக்கறதுக்கு சொல்லுவான்னேன். பாவா மீந்த கேனுங்களைக் கக்கத்துல இடுக்கிகினாரு. "வுடும்மா, என் தறிக்கு ஆவும். நம்ம தணிகாசலம் வண்டி சிக்கனமான வண்டி."

மூணாவது வளைவு

ரெண்டு வாரம் நல்லா தான் ஓடுச்சு. சத்தம் கூட கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கையால செஞ்சா காதுக்கு அப்படித்தான் கேக்கும். மூணாவது வாரம் ஊஊன்னு ஒரு ஊளை. நாலாவது வாரம், கிருத்திகை அன்னிக்கு, மூணாவது வளைவுல ரெண்டாவது போட்டேன், உள்ள ஏதோ நொறுங்கிச்சு. கியர் கம்பி எந்தப் பக்கம் தள்ளினாலும் போகுது, வண்டி மட்டும் போகல. கை பிரேக்கை இழுத்துப் புடிச்சிகினு உக்காந்திருந்தேன். முதல் நைவேத்தியத்துக்கு மணி ஆவுது. கிருத்திகை கூட்டம் மேல நிக்குது.

ஐயர் கதவைத் திறந்தாரு. தூக்குச் சட்டியை எடுத்துகினு இறங்கி, முட்டியைப் புடிச்சபடி ஏற ஆரம்பிச்சாரு. பத்தடிக்கு ஒரு தரம் நின்னாரு. அவரு நின்னப்பல்லாம் எனக்கு செத்துடலாம்னு இருந்துச்சு. அப்புறம் பூக்கூடை கட்டிகினு வந்த டி.வி.எஸ் காரரு ஒருத்தர் அவரை ஏத்திகினாரு. கூடைக்கு இடையில உக்காந்துகினு திரும்பி என்னைப் பாத்தாரு. "சக்கரத்துக்குக் கல்லு வையி. உங்க தெரு மாதிரி இங்கயும் சரிவா இருக்கு."

பட்டறை

பாஷா கட்டி இழுத்துகினு போய் பிரிச்சாரு. உள்ள இருந்தது கொஞ்சம் ஆயிலு, நெறைய பொடி. எவ்ளோ ஊத்தினீங்க, எங்க நிறுத்தி ஊத்தினீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். கையில இருந்த துணியைக் கீழ போட்டாரு. இந்த மாடல் கியர் பாக்ஸ் இப்போ வர்றதில்ல. மெட்ராஸ்ல பழசு ஒண்ணு தேடிப் புடிச்சாரு, அதுவும் ஊளை தான்.

என் பொழப்பு அந்தப் பட்டறைத் தரையில சின்னச் சின்னப் பல்லா கெடந்துச்சு. "ஜாக்கி மேல வண்டி மட்டமா தான்ணா இருந்திச்சி," அப்படின்னாரு பாஷா. "எறக்கினதும் சரிவுல ஆயிலு முன்னாடி ஓடி, நிறையாமலே வழிஞ்சிடுச்சி. நீங்க எறக்காம அப்படியே ஊத்தியிருந்தா போதும்ணா."

அண்டா

ஐயர் இப்போ ஆட்டோவுல போறாரு. ஒரு சாயங்காலம் அதே ஆட்டோவுல வந்து எங்க வாசல்ல இறங்கினாரு, இலையில புளியோதரையோட. கிருத்திகை அன்னிக்கு நைவேத்தியம் லேட்டு, மேல கோயில்ல அவருக்குப் பேச்சு விழுந்திருக்குது. அதை அவரு சொல்லல, ஆட்டோக்காரன் சொன்னான். நான் நடந்ததை முழுசா சொன்னேன். திட்டுவாருன்னு தான் நெனச்சேன், திட்டியிருந்தா தேவலை. அவரு தெருவை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தரம் பாத்தாரு.

"முப்பது வருஷமா அண்டாவுல தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி, அது அடுப்புல மட்டமா உக்காந்திருக்கான்னு தான்பா முதல்ல பாக்கறேன்," அப்படின்னாரு. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தினமும் உன் பின்னாடி தானே உக்காந்திருந்தேன்."

இப்போ தினமும் கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கறேன், அதோட கியர் பாக்ஸ்ல எவ்ளோ ஆயில் கீதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா நிக்கற எடம் மட்டும் நல்ல சமதரை.